ஜே.சி. ரோட்டில் ஒரு வண்டி ராப் பயிற்சிப் பட்டறை: நடுவயதில் தொழில் மாறுவோர் கவனத்துக்கு

பெங்களூர் ஜே.சி. ரோட்டின் உதிரிபாகக் கடைகளுக்குப் பின்னே உள்ள சந்து ஒன்றில், வண்டிகளுக்கு ராப், அதாவது பெயிண்டை மூடும் மெல்லிய வினைல் ஃபிலிம், ஒட்டக் கற்றுத் தரும் பட்டறை இருக்கிறது. பயிற்சி இரண்டு வாரம். கட்டணம் 30,000 ரூபாயை ஒட்டி வருகிறது. சேருபவர்களில் பெரும்பாலோர் ரேடியம் கடைகளில் பைக்குக்கு ஸ்டிக்கர் வெட்டிப் பழகிய இளைஞர்கள். ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவை விட்டு நாற்பத்தைந்து வயதில் அங்கே போய்ச் சேர்ந்தவன் என்ற முறையில், நடுவயதில் கைத்தொழிலுக்கு மாற எண்ணுபவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் பட்டறையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அங்கே பொருளையும் கைப்பழக்கத்தையும் கற்பிக்கும் விதம் கொடுத்த காசுக்குத் தகும். தொழில் நடத்துவது பற்றிய பாடம் ஏறக்குறைய இல்லை.

பட்டறையின் பலம் அதன் மாஸ்டர். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்; தமிழையும் கன்னடத்தையும் உருதுவையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசினாலும், எதைச் சொன்னாலும் காரணத்தோடு சொல்பவர். தொடக்கத்தில் அவர் எங்களைக் கத்தியைத் தொடவிடவில்லை. இரண்டு துண்டு ஃபிலிமைக் கொடுத்து ஹீட் கன்னால் சூடாக்கச் சொன்னார். ஒன்று ஓரம் சுருங்கிக் குறுகியது, மற்றது தளர்ந்ததே தவிர அளவில் பெரிதாக மாறவில்லை. முதலாவது காலண்டர்டு ஃபிலிம்: வினைலைச் சூடான உருளைகளுக்கிடையே நசுக்கி இழுத்துத் தயாரிப்பதால் அந்த இழுவிசை உள்ளேயே தங்கி, வெயில் பட்டதும் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கிறது. இரண்டாவது காஸ்ட் ஃபிலிம்: திரவமாகப் பரப்பி அடுப்பில் உலர்த்துவதால் அதில் அந்த இழுவிசை இல்லை, சுமார் 50 மைக்ரான் தடிமனே இருப்பதால் வளைவுகளுக்குள் எளிதாக இறங்குகிறது. தட்டையான பக்கங்கள் கொண்ட டெலிவரி வேனுக்கு 75 முதல் 100 மைக்ரான் வரையுள்ள காலண்டர்டு ஃபிலிம் போதும். காரின் பம்பரில் அதை ஒட்டினால் ஓரம் எழும்பிவிடும். 3எம் நிறுவனத்தின் 2080 வரிசையும் ஏவரி டென்னிசனின் சுப்ரீம் வரிசையும் விலை கூடுதலாக இருப்பது ஏன் என்பதை வாடிக்கையாளருக்கு விளக்க, எனக்கு இந்த ஒரு செய்முறை போதுமானதாக இருக்கிறது.

கைப்பழக்கம் பானெட்டில் தொடங்குகிறது. கழுவி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் கொண்டு மெழுகையும் எண்ணெய்ப் பசையையும் நீக்கி, 1.52 மீட்டர் அகல ஃபிலிமை இருவர் பிடித்து விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்குவீஜி என்ற தட்டையான தேய்ப்புத் தகட்டால், ஒரு தேய்ப்பின்மேல் அடுத்தது சற்றுப் படியும்படி தேய்க்க வேண்டும். இளைஞர்கள் வேகத்துக்காகத் திட்டு வாங்கினார்கள். எனக்குக் கிடைத்தது வேறு வகை. "அண்ணா, நீங்க ஃபிலிமோட சண்டை போடுறீங்க, அதுக்குச் சூடு காட்டிட்டுக் கொஞ்சம் பொறுங்க" என்பார் மாஸ்டர். குழிவான இடங்களில் இழுத்து ஒட்டிய ஃபிலிமை, வேலை முடிந்தபின் கூடுதல் வெப்பத்துக்குக் கொண்டுபோய் அதன் இழுவையைத் தளர்த்தாவிட்டால் பிறகு தானே பிரிந்துவிடும் என்பதை அவர் வெப்பமானியை வைத்தே காட்டினார். கையால் தொட்டுப் பார்த்துத் தீர்மானிப்பதை ஏற்கவில்லை. பெயிண்டின் மேல் கத்தி படக்கூடாது என்பதில் அவர் காட்டும் கண்டிப்பு பாராட்டத்தக்கது. நடுவே நூலிழை ஓடும் நைஃப்லெஸ் டேப்பை முதலில் ஒட்டி, அதன்மேல் ஃபிலிமைப் படியவைத்து, பின்பு நூலை இழுத்தால் ஃபிலிம் அடியிலிருந்து அறுபடும். வண்டியில் கீறல் விழாது.

வயதைப் பற்றி விளம்பரங்களில் எவரும் எழுதாத ஒன்றுண்டு. கதவின் அடிப்பகுதியை ஒட்டக் குந்தி உட்கார வேண்டும். முழங்கால் தாங்குமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. அதைவிடக் கண்தான் பெரிய சிக்கல். பிளேடு ஓடும் ஓரம் முழங்கை தூரத்தில் இருக்கிறது. கண்ணாடியின் கீழ்ப்பாதியால் படிக்கும் பழக்கமுள்ளவர்கள் தலைக்கு மேலே உள்ள கூரை ஓரத்தை வெட்டும்போது கழுத்தை ஒடித்துக்கொள்ள நேரும். அந்தத் தூரத்துக்கென்றே ஒரு கண்ணாடி செய்துகொள்வது ஸ்குவீஜி வாங்குவதைவிட அவசரமான செலவு.

இனி குறைகள். தகரக் கூரைக் கொட்டகையில் சாலைத் தூசி தாராளமாக வருகிறது. ஃபிலிமுக்கு அடியில் சிக்கும் ஒரு துகள்கூட முகப்பரு போலத் தெரியும் வேலைக்கு இது பொருந்தாத இடம். பானெட்டுக்கும் கதவுக்கும் நேரம் தாராளம். பம்பருக்கும் பக்கக் கண்ணாடிக் கூட்டுக்கும் போதவில்லை. பழைய ராப்பை உரிப்பது பாடத்திலேயே இல்லை. மட்டமாக மறுபெயிண்ட் அடித்த வண்டியில் ஃபிலிமோடு பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும் என்பதால், கற்க வேண்டியவற்றில் அது முக்கியமானது. பிபிஎஃப் எனப்படும் பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிமைப் போகிற போக்கில் காட்டிவிட்டு நகர்ந்தார்கள். அது பாலியூரிதேனால் ஆனது, 150 முதல் 200 மைக்ரான் வரை தடிமனுள்ளது, சோப்பு நீர் தெளித்து ஈரத்தில் ஒட்டப்படுவது. ராப் தெரிந்த கைக்கு அது தானாக வந்துவிடாது.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வண்டியின் நிறம் ஆர்.சி.யில் பதிவான விவரம். பதிவு விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வெள்ளைக் காரை மேட் கறுப்பாக்கக் கேட்டு வருபவரை முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்ல வேண்டும் என்பதை ஒரு பயிற்சி மையம் கற்பிக்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. விலை சொல்லும் முறை, எத்தனை மீட்டர் வீணாகும் என்ற கணக்கு, ஏற்கெனவே உள்ள கீறல்களைப் படமெடுத்து வைப்பது ஆகியவையும் இல்லை. கணக்கு பார்த்த எனக்கு அது பெரிய இழப்பில்லை, மற்றவர்களுக்கு இழப்புதான்.

இந்தக் கைத்தொழிலில் ஒரு தொடக்கம் வேண்டும் என்பவர்கள் சேரலாம். சான்றிதழைக் காட்டி மறுமாதமே வேலை கிடைக்கும் என்று நம்பி, இருக்கும் வேலையை விட்டுவிட்டுச் சேரக்கூடாது. இரண்டு வாரம் கற்றவரிடம் எந்தக் கடையும் முழுக் காரை ஒப்படைப்பதில்லை. குறைந்த சம்பளத்துக்கு உதவியாளராக நிற்கும் காலம் நிச்சயம் உண்டு, அந்தக் காலத்துக்கான வீட்டுச் செலவைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும். பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளை நேரில் கேட்டுவிடுங்கள்: ஒருவருக்கு எத்தனை மீட்டர் ஃபிலிம், அதில் காஸ்ட் எவ்வளவு, பம்பரைத் தனியாகச் செய்ய விடுவார்களா, பயிற்சி முடிந்தபின் அதே கொட்டகையில் உதவியாளராக நிற்க இடமுண்டா. கடைசிக் கேள்விக்கு மாஸ்டர் இல்லையென்று சொல்வதில்லை, ஆனால் இடம் குறைவு. கேட்டவர்களுக்குத்தான் முதலில் கொடுக்கிறார்.