டெம்போரலில் ஏஜென்ட்: ஒன்றரை ஆண்டு ஓட்டிய பிறகு

எங்கள் ஏஜென்ட் (மொழி மாடலைக் கேட்டு ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்யும் நிரல்) சப்ளையர் அனுப்பும் இன்வாய்ஸைப் படிக்கும், பர்ச்சேஸ் ஆர்டரோடு ஒப்பிடும், சந்தேகம் வந்தால் சப்ளையருக்கு மெயில் எழுதும், மேலாளர் சரி சொன்னதும் கணக்கில் ஏற்றும். முதலில் இதை ஒரே பைத்தான் லூப்பாக எழுதியிருந்தோம். புதுக் கோடை சர்வரில் டெப்ளாய் செய்யும்போதெல்லாம் பாதியில் நின்ற வேலைகள் முதலிலிருந்து ஓடின. முடிந்துபோன மாடல் அழைப்புக்கு மறுபடி காசு கட்டினோம்; போன மெயிலே மறுபடி போனது.

அப்புறம்தான் டெம்போரலுக்கு மாறினோம். ஊபர் நிறுவனத்தில் உருவான கேடன்ஸ் என்ற மென்பொருளிலிருந்து 2019-இல் பிரிந்து வந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இது. ஒவ்வொரு படியின் முடிவையும் ஹிஸ்டரியில் எழுதி வைக்கும். கோடை ஓட்டும் வொர்க்கர் விழுந்தால் இன்னொரு வொர்க்கர் அந்த ஹிஸ்டரியைக் கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். இதற்காக, படிகளின் வரிசையைச் சொல்லும் வொர்க்ஃப்ளோ கோடு எத்தனை முறை ஓடினாலும் ஒரே வழியில் போக வேண்டும். மாடலோ ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் வேறு பதில் சொல்லலாம். அதனால் மாடல் அழைப்பை ஆக்டிவிட்டி என்ற தனிப் படிக்குள் வைக்கிறோம். ஒருமுறை பதிவான பதிலே பிறகும் பயன்படும்.

எனக்கு மிகவும் பிடித்தது, அது காத்திருக்கும் விதம். மேலாளர் பத்து நாள் விடுப்பில் போனாலும் அவர் சரி சொன்னதைத் தெரிவிக்கும் சிக்னல் வரும்வரை வொர்க்ஃப்ளோ அப்படியே இருக்கும். இடையில் நாங்கள் எத்தனை முறை டெப்ளாய் செய்தாலும் கவலையில்லை. ஆனால் வொர்க்ஃப்ளோவில் புதுப் படி சேர்த்தால், காத்திருக்கும் பழைய வேலைகள் உடையலாம். பழைய வேலையையும் புது வேலையையும் பிரித்தறியும் பேட்ச் குறியீடு போட்டுப் பழைய வழியையும் விட்டுவைக்க வேண்டும்.

இரட்டை மெயில் இதனால் மட்டும் நிற்கவில்லை. மெயில் போய், அது பதிவாகும் முன் வொர்க்கர் விழுந்தால் ஆக்டிவிட்டி திரும்ப ஓடத்தான் செய்யும். ஒவ்வொரு மெயிலுக்கும் மாறாத ஓர் அடையாள எண் கொடுத்து, ஏற்கெனவே போனதை அனுப்பும் இடத்திலேயே தடுத்த பிறகுதான் நின்றது.

பெரிய செலவு வைத்தது எங்கள் கவனக்குறைவு. எல்லை சொல்லாவிட்டால் டெம்போரல் ஆக்டிவிட்டியை ஓயாமல் ரீட்ரை செய்யும். மாடல் அழைப்பையும் பதிலிலிருந்து விவரங்களைப் பிரித்தெடுப்பதையும் ஒரே ஆக்டிவிட்டியில் வைத்திருந்தோம். ஒரு விசித்திரமான இன்வாய்ஸில் பிரித்தெடுப்பு தோற்க, சனி ஞாயிறு முழுக்க மாடலைக் காசு கொடுத்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. இப்போது இரண்டும் தனித்தனி ஆக்டிவிட்டி, அதிகபட்சம் நான்கு முயற்சி.

ஹிஸ்டரிக்கும் அளவு உண்டு: 51,200 நிகழ்வுகள் அல்லது 50 எம்பி. ஒவ்வொரு சுற்றிலும் முழு உரையாடலையும் அனுப்பினால் அது வேகமாக நிரம்பும். உரையாடலை வெளியே சேமித்து, அதன் முகவரியை மட்டும் அனுப்புகிறோம்.

அரை நிமிடத்தில் பதில் சொல்லி முடிக்கும் சாட்பாட்டுக்கு இவ்வளவும் வேண்டாம். பணமோ மெயிலோ வெளியே போகும் ஏஜென்ட்டாக இருந்தால், அந்த அடையாள எண்ணிலிருந்து தொடங்குங்கள்.