கையா, மானிட்டரா? அவசர சிகிச்சையின் முதல் சில நிமிடங்கள்

கேஷுவாலிட்டிக்குள் நோயாளி வந்ததும் இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்கும். ஒருவர் மணிக்கட்டில் விரல் வைத்துப் பல்ஸ் பார்ப்பார். இன்னொருவர் மானிட்டர் ஒயர்களை மாட்டத் தொடங்குவார். திரையில் எண்கள் வந்துவிட்டால் அப்புறம் எல்லார் கண்ணும் அங்கேதான். என் கட்சி இது: விடிய விடியக் கவனிப்பதில் மானிட்டரை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் மிக மோசமான நிலையில் வருகிறவரிடம்தான் அது அதிகம் தடுமாறும். அங்கே கையும் கண்ணும்தான் முந்தும்.

முதலில் பி.பி. தானியங்கிக் கருவிகளில் பெரும்பாலானவை ஸ்டெத்தைப் போல ஒலியைக் கேட்பதில்லை. கையில் சுற்றும் பட்டையில் காற்று இறங்கும்போது ரத்தக்குழாய்த் துடிப்பால் எழும் அதிர்வை அளக்கின்றன. அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடம் சராசரி அழுத்தம். மேலே கீழே என்று நாம் படிக்கும் இரண்டு எண்களும் அதிலிருந்து கணக்குப் போட்டு வருபவை. அந்தக் கணக்கும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். துடிப்பு சீராக இருந்தால் பிரச்சினை இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயம் தாறுமாறாகத் துடிப்பது), குளிர் நடுக்கம், வலிப்பு, குலுங்கும் ஆம்புலன்ஸ், ஷாக் (ரத்த ஓட்டம் சரிந்துபோவது) என்று வந்தால் பட்டை திரும்பத் திரும்பக் காற்றடித்துக்கொண்டே இருக்கும். எண் வராது, வந்தாலும் நம்ப முடியாது.

1905-இல் ரஷ்ய மருத்துவர் நிகோலாய் கொரோட்கோவ் விவரித்த ஸ்டெத் முறை இன்னும் கொஞ்ச தூரம் கூட வரும். ஒலியே கேட்காவிட்டாலும் மணிக்கட்டைத் தொட்டபடி காற்றை இறக்கி, துடிப்பு திரும்பும் இடத்தை மேல் பி.பி.யாகக் குறிக்கலாம். அதற்கும் குறை உண்டு. சத்தமான அறையில் காது ஏமாறும். கருவி 117 என்று காட்டும் இடத்தில் நாம் 120 என்று எழுதிவிடுவோம். பட்டை சின்னதாக இருந்தால் மட்டும் இரண்டு முறையும் ஒரே தப்பைச் செய்யும்: பி.பி. கூடுதலாகத் தெரியும்.

இங்கே கைக்கும் ஒரு குட்டு. மணிக்கட்டில் துடிப்பு கிடைத்தால் மேல் பி.பி. குறைந்தது 80 இருக்கும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். 2000-இல் வெளியான ஒரு சிறு பிரிட்டிஷ் ஆய்வு, அந்தக் கணக்கு உண்மையான அழுத்தத்தை மிகைப்படுத்துகிறது என்று காட்டியது. பல்ஸ் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

பெரிய சண்டை, ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தை விரலில் அளக்கும் ஆக்சிமீட்டருக்கும் மூச்சு எண்ணுவதற்கும்தான். 1974-இல் ஜப்பானியப் பொறியாளர் டாகுவோ அவோயாகி வழிகாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர், கொரோனா காலத்தில் வீட்டு மேசை வரைக்கும் வந்துவிட்டது. அருமையான கருவிதான். ஆனால் விரல் சில்லிட்டிருந்தால் திணறும். கார்பன் மோனாக்சைடு ஏறியவரிடம் 98 என்று தைரியமாகப் பொய் சொல்லும். 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கருவி கண்டுபிடிக்காமல் விட்ட ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. கருத்த தோல் அதிகம் உள்ள ஊர்க்காரர்கள் நாம். எல்லை ஓரத்து எண்களைச் சந்தேகத்தோடு படிப்பதே நல்லது.

மூச்சு எண்ணிக்கைக்கு ஒரு வாட்ச் போதும். பல நோய்களில் ஆக்சிஜன் எண் விழுவதற்கு முன்பே மூச்சு வேகமெடுக்கும். நிமிடத்துக்கு 28 முறை மூச்சு வாங்கியபடி 97 காட்டும் நோயாளி நலமாக இல்லை. அந்த 97-ஐப் பிடித்துவைக்க உடம்பு படாதபாடு படுகிறது. மானிட்டரும் மூச்சு எண்ணிக்கை காட்டும். ஆனால் அது நெஞ்சில் ஒட்டிய லீடுகள் வழியே மார்பின் அசைவை ஊகிப்பது. நோயாளி புரண்டாலே குழம்பிப்போகும். இத்தனைக்கும் கேஸ் ஷீட்டில் ஆளாளுக்கு எண்ணாமலே 18, 20 என்று எழுதுவது இந்த ஒன்றைத்தான். முழு நிமிடம் எண்ணுங்கள். குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை வேறு: 2 மாதத்துக்குள் 60, 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. அதைத் தொட்டாலே வேக மூச்சுதான்.

காய்ச்சலுக்கு, நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டர் துப்பாக்கி வாசலோடு சரி. வெப்ப மயக்கம் (ஹீட் ஸ்ட்ரோக்) என்று சந்தேகம் வந்தால் மலக்குடல் வெப்பநிலைதான் பேசும்.

சுயநினைவுக்கு வருவோம். நினைவு எவ்வளவு என்று மதிப்பெண் போடும் கிளாஸ்கோ அளவுகோலும் அதே 1974-இல்தான் வந்தது. இன்றைய வடிவில் அதிகபட்சம் கண் 4, பேச்சு 5, அசைவு 6, மொத்தம் 3 முதல் 15. இன்னொன்று ஏ.வி.பி.யூ.: விழிப்பு, குரலுக்குப் பதில், வலிக்குப் பதில், பதிலே இல்லை. தலைக்காயத்துக்கு கிளாஸ்கோதான் வேண்டும். மணிக்கு மணி ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். மற்ற அவசரங்களில், வாசலில், எனக்கு ஏ.வி.பி.யூ. போதும். ஐந்து நொடி வேலை, ஆளுக்கு ஆள் மாறுவதும் குறைவு.

இரண்டும் கைவிடும் இடம் கட்டுவிரியன் கடி. விஷம் தசைகளை முடக்க, இமை சரிந்து, நாக்கு எழாமல், கைகால் அசையாமல் கிடப்பவருக்கு கிளாஸ்கோ 3 போடத் தோன்றும். ஆனால் அவர் முழு நினைவோடு நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். கண்பாப்பா விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றால்கூட மூளை போய்விட்டது என்று அவசரப்படக் கூடாது. இமையை விரலால் தூக்கிப் பிடித்து, கால் விரலை லேசாக ஆட்டச் சொல்லிப் பாருங்கள். பேச முடிகிற நிலையில் வந்தவரை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி, எதுவரை போனார் என்று குறித்துவையுங்கள். அடுத்த முறை அது குறைந்தால், ஆக்சிமீட்டர் எண் எப்படி இருந்தாலும் மூச்சுக்குழாய் போடத் தயாராக வேண்டும்.

பல்ஸ், பி.பி., மூச்சு போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டி, யார் மோசமாகிறார் என்று பார்க்கும் முறைகளில் லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரியின் நியூஸ்-2, மூன்றே கேள்வி கேட்கும் கியூசோஃபாவைவிட மேல். செப்சிஸ் (கிருமித்தொற்றால் உறுப்புகள் பழுதாவது) பற்றிய 2021-இன் சர்வதேச வழிகாட்டுதலும் கியூசோஃபாவை மட்டும் வைத்து நோயாளியைப் பிரித்தறிய வேண்டாம் என்கிறது. ஆனால் நியூஸ்-2-இன் முதல் கட்டமே மூச்சு எண்ணிக்கை. அங்கே எண்ணாத 18-ஐ எழுதினால் மொத்தக் கூட்டலும் வீண்.

சின்ன கிளினிக்குக்கு எதை முதலில் வாங்குவது? முள் காட்டும் அனிராய்டு பி.பி. கருவி, பெரியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் தனித்தனிப் பட்டை, நல்ல ஆக்சிமீட்டர் ஒன்று, நொடிமுள் உள்ள சுவர்க்கடிகாரம். அனிராய்டை வருடம் ஒருமுறையாவது சரிபார்க்கக் கொடுக்க வேண்டும். மானிட்டர் அப்புறம். அதை வாங்கும்போது குழந்தைகளுக்கான பட்டையும் விரல் கிளிப்பும் சேர்த்தே விலை கேளுங்கள்.