எக்ஸோபிளாசிம்: பழங்கால உப்பைப் படிக்க ஓர் இலவச காலநிலை மாதிரி

எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் உப்பளம் பார்த்தவர்களுக்குத் தெரியும், உப்பு விளைய இரண்டு வேண்டும்: தண்ணீரை அடைத்து வைக்க வரப்பு, அதை உறிஞ்சக் காய்ந்த காற்று. பல கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்து பாறையாகிக் கிடக்கும் உப்புக்கும் இதே இரண்டுதான். ஒரு கோளின் காலநிலையைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் எக்ஸோபிளாசிம் காற்றைப் பற்றி மட்டும் பதில் சொல்லும், வரப்பைப் பற்றி வாயே திறக்காது. இது தெரிந்து இறக்கினால், வட சென்னையில் சாதாரணக் கணினி வைத்திருக்கும் மாணவருக்கு மிகவும் உதவும் மென்பொருள் இது.

ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தின் பிளாசிம் மாதிரியைப் பைத்தானிலிருந்து இயக்கும்படி, வேற்றுக் கோள்களின் காலநிலைக்காகச் செய்யப்பட்டது. விண்டோஸ் என்றால் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) வழியாக உபுண்டு போட்டுக்கொள்ளலாம். ஜிஃபோர்ட்ரான் கம்பைலரும், பல கோர்களில் ஒரே நேரத்தில் ஓட்ட உதவும் ஓப்பன் எம்பிஐயும் முதலில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் முதல் ஓட்டத்திலேயே கம்பைல் நின்றுவிடும். டி21 தெளிவில் உலகம் 64 × 32 கட்டங்கள், காற்றுக்கு 10 அடுக்கு. கோர் எண்ணிக்கை 4 அல்லது 8 என்று வையுங்கள், 32ஐ மீதியில்லாமல் வகுக்க வேண்டும். மே மாதத்தில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி வீடுகளில் ஏசி இல்லாத அறையில் லேப்டாப் சூடேறி வேகம் குறையும், அதனால் இரவில் ஓட்டுவது நல்லது. கரண்ட் போனாலும் முழு ஓட்டமும் வீணாகாதபடி பத்துப் பத்து ஆண்டுகளாகப் பிரித்து ஓட்டுங்கள். மாதிரியில் கடல் என்பது 50 மீட்டர் கலப்பு அடுக்கு (நன்கு கலந்த மேல்நீர்) மட்டுமே என்பதால் சில பத்தாண்டுகளில் நிலைபெற்றுவிடும். கடைசி 20 ஆண்டுகளைச் சராசரி எடுத்தால் போதும்.

பழைய நில வரைபடத்துக்குப் புவியியலாளர் ஸ்கோட்டீஸின் பேலியோமேப் உயரக் கோப்புகள் இருக்கின்றன. 54 கோடி ஆண்டு முதல் இன்றுவரை, 50 லட்சம் ஆண்டுக்கு ஒன்று. அதை 64 × 32க்குச் சுருக்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். மாதிரி கேட்பது மீட்டரில் உயரம் அல்ல, உயரத்தை 9.81ஆல் பெருக்கிய மதிப்பு. மீட்டரையே கொடுத்தால் பிழைச் செய்தி வராது, ஆனால் மலைகள் பத்தில் ஒன்றாகக் குட்டையாகி, மழை நிழல் காணாமல் போகும். அன்றைய சூரியன் இன்றைவிட மங்கல் என்பதால் அதையும் குறைக்க வேண்டும்: வட ஐரோப்பாவின் செக்ஸ்டைன் உப்பு படிந்த சுமார் 25 கோடி ஆண்டுக்கு முன் சதுர மீட்டருக்கு 1,361 வாட்டுக்குப் பதில் ஏறத்தாழ 1,332 வாட். கணக்கு நிலைகுலைந்து ஓட்டம் நடுவில் நின்றால் காலப் படியை (மாதிரி ஒரு முறையில் தாண்டும் நேரத்தை) 45 நிமிடத்திலிருந்து 30க்கோ 15க்கோ இறக்குங்கள்.

மழையைவிட ஆவியாதல் மிஞ்சினால்தான் உப்பு விளையும். மாதிரியில் இரண்டும் வினாடிக்கு மீட்டரில் வரும். மில்லிமீட்டர்/ஆண்டுக்கு மாற்ற 3.15 × 10¹⁰ஆல் பெருக்கவும். ஆவியாதல் கழித்தல் குறியோடு வரும் என்பதால், வெப்பமண்டலக் கடல்மேல் ஒரு கட்டத்தை எடுத்துக் குறியைச் சரிபார்த்த பிறகே கூட்டுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. மாதிரிக்கு எல்லாத் தண்ணீரும் நல்ல தண்ணீர். ஆனால் பாத்தியில் உவர்நீர் 25 டிகிரி பாமே (உவர்நீரின் அடர்த்தி அளவு) தொட்டு உப்பு உறையத் தொடங்கும்போது அதன் நீராவி அழுத்தம் நல்ல தண்ணீரில் 75 சதவீதம்தான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உவர்நீர் வற்றாது, காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொள்ளும். ஆகவே மாதிரி தரும் ஆவியாதலை (0.75 − ஈ) ÷ (1 − ஈ) என்ற விகிதத்தால் பெருக்க வேண்டும் (ஈ என்பது கீழடுக்கின் ஈரப்பதம்). ஈரப்பதம் 60 சதவீதமானால் 0.375, அது 70 ஆனால் ஆறில் ஒரு பங்குதான். உவர்நீர் குறைவாக ஆவியாவதால் சற்றுக் கூடுதலாகச் சூடேறும், எனவே உண்மை மதிப்பு இதைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும். கணக்கை மாதவாரியாகப் போடுங்கள். ஆண்டுச் சராசரி ஏமாற்றும், எண்ணூரிலும் உப்பு விளைவது வடகிழக்குப் பருவமழை இல்லாத மாதங்களில்தானே. இந்தத் திருத்தம் இல்லாமல் வரையும் 'உப்பு வரைபடம்' உப்பு வரைபடமே அல்ல, வறட்சி வரைபடம்.

குறைகளில் பெரியது கட்டத்தின் அளவு. ஒரு கட்டம் நிலநடுக்கோட்டருகே 600 கிலோமீட்டருக்கு மேல். பாரசீக வளைகுடா தொலைந்துபோகும், மத்தியதரைக் கடலுக்குச் சில கட்டங்களே மிஞ்சும். ஜிப்ரால்டர் நீரிணையோ மிகக் குறுகிய இடத்தில் 14 கிலோமீட்டர். 59.7 லட்சம் முதல் 53.3 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடலில் நடந்த மெசினியன் உப்பு நெருக்கடியில் (அக்கடலில் ஏராளமான உப்பு படிந்த நிகழ்வில்) வரப்பின் பங்கு மிகப் பெரிது. 1,000 மீட்டர் ஆழக் கடல்நீர் முழுதும் வற்றினால் சுமார் 16 மீட்டர் உப்புதான் கிடைக்கும். அங்கே சில இடங்களில் உப்பு ஒரு கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அப்படியானால் வெளிக் கடல் தொடர்ந்து உள்ளே வந்திருக்க வேண்டும். அந்த வரத்தை, கடலை ஒரு பெட்டியாக வைத்து வரவு செலவு பார்க்கும் தனிப் பெட்டிக் கணக்காக நீங்களே போட வேண்டும், எக்ஸோபிளாசிமில் அதற்கு வழியில்லை. இன்னொன்று, உயர்ந்த மலைகளின் ஓரத்தில் கடல்மேல் அலையலையாகப் பொய் மழை தோன்றும். ஃபில்டர் அமைப்பைப் போட்டால் குறையும்.

மாதிரியை ஓட்டாமல் விடை மட்டும் வேண்டுவோருக்கு, பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் ஹாட்சிஎம்3எல் மாதிரியில் செய்த 109 காலத் துண்டுகள் இருக்கின்றன. கட்டம் 3.75 × 2.5 டிகிரி, ஆழ்கடலும் உண்டு, அதனால் எக்ஸோபிளாசிமைவிட நம்பகமானது. ஆனால் அதுவும் 54 கோடி ஆண்டோடு நின்றுவிடும். நாம் இந்துப்பு என்று வாங்கும், பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்க உப்பு எடியகாரன் காலத்தின் இறுதிக்கும் கேம்பிரியன் தொடக்கத்துக்கும் இடைப்பட்டது, அந்த விளிம்பிலோ அதற்கு அப்பாலோ விழும். அதற்கு எக்ஸோபிளாசிமில் சூரியனைச் சுமார் 1,300 வாட்டுக்கு இறக்கி, வரைபடத்தைத் தனியே தயாரித்து ஓட்டுவதுதான் வழி. எந்தத் தரவை எடுத்தாலும் 0.75 திருத்தத்தை நாமேதான் போட வேண்டும்.