சீனாவில் மலிவான கடலோர வீடா? சாவி யாருடையது என்று முதலில் பாருங்கள்

சீனாவில் பெரிய நகரத்து வாடகைக்குப் பயந்து சின்ன ஊராகத் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக ஷாண்டோங் மாகாணத்துக் கடலோரம் வருகிறவர்களுக்கு. யன்டாய், வெய்ஹாய் பக்கம் கப்பல் கட்டும் தளங்களில் ஒப்பந்த வேலைக்கு நம் ஆட்களும் வருகிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான். மனைவியோடு யின்டானில் வீடு எடுத்தேன். வருஷ வாடகையை மொத்தமாகக் கட்டிய பிறகுதான், அந்த வீட்டை வாடகைக்கு விட்ட விஷயமே வீட்டுக்காரருக்குத் தெரியாது என்று தெரியவந்தது.

யின்டான், வெய்ஹாய்க்குக் கீழ் வரும் ரூஷான் நகரத்தின் கடற்கரைப் பகுதி. ரூஷான் என்றால் சீனர்களுக்குக் கடல்சிப்பிதான் ஞாபகம் வரும். இந்தக் கரை ஓரமாக வெளியூர்க்காரர்களுக்கு விற்பதற்கென்றே அடுக்குமாடிகளைக் கட்டித் தள்ளியிருக்கிறார்கள். வாங்கிப் போட்டவர்களில் வடகிழக்குச் சீனாக்காரர்கள் நிறைய. கோடையில் வந்து கடலில் குளித்துவிட்டு, குளிர் தொடங்குமுன் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். குளிர்கால ராத்திரியில் ஒரு கட்டடத்தில் ரெண்டு மூணு ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தால் பெரிய விஷயம். வாடகை மலிவாக இருப்பதற்குக் காரணம் இதுதான், அதில் ஒரு சூதும் கிடையாது.

சூது சாவியில் இருக்கிறது. ஊருக்குப் போகிற வீட்டுக்காரர்கள் குழாய் ஒழுகுகிறதா, பூஞ்சை பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள உள்ளூரில் யாரிடமாவது சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்களுக்கு வீடு காட்டிய ஆள் தரகுக் கடை வைத்திருந்தார், அப்படி ஏகப்பட்ட சாவிகள் அவர் கையில். எந்த வீடு எத்தனை மாதம் காலியாகக் கிடக்கும் என்று அவருக்கு மனப்பாடம். கேட்ட வாடகை மாதம் 600 யுவான். வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 6,000, அட்வான்ஸ் தனியாக 1,000. சீனாவில் பொதுவாக ஒரு மாத அட்வான்ஸ், மூன்று மாத வாடகை முன்பணம் என்பதுதான் வழக்கம். சின்ன ஊர்களில் வருஷத்துக்குச் சேர்த்து வாங்குவதும் உண்டு என்பதால் யாரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் "சார்பில்" என்று போட்டுத் தன் கடை முத்திரையைக் குத்தினார். அந்தச் சார்புக்கு அத்தாட்சிக் கடிதம் எதுவும் இல்லை.

அடுத்ததுதான் முக்கியம். சீனாவில் வெளிநாட்டுக்காரர் ஹோட்டலில் தங்கினால் போலீஸ் பதிவை ஹோட்டலே செய்துவிடும். தனி வீட்டில் தங்கினால், போய்ச் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் தங்குகிறவரோ தங்கவைத்தவரோ அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். 2013 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் சட்டம் இது. மீறினால் எச்சரிக்கை, 2,000 யுவான் வரை அபராதமும் போடலாம். வழக்கமாக பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல், வீட்டுப் பத்திர நகல் எல்லாம் கேட்பார்கள். இதில் கடைசி இரண்டும் நம்ம தரகரிடம் எங்கே இருக்கும்? "பாஸ்போர்ட்டை வீசாட் (சீனர்களின் வாட்ஸ்அப் மாதிரி) செயலியில் அனுப்புங்க, நீங்க எதுக்கு அலையணும், நானே முடிச்சுத் தர்றேன்" என்றார். சாயங்காலமே பதிவுச் சீட்டு வந்துவிட்டது, சிவப்பு முத்திரையோடு. சீட்டு அசல். முகவரி மட்டும் எங்களுடையது இல்லை. அதே சாலையில் தனக்குத் தெரிந்தவர் நடத்திய விடுதியில் நாங்கள் தங்கியிருப்பதாகப் பதிந்திருக்கிறார்.

முதலில் கடித்தது குளிர்தான். சுவரில் ரேடியேட்டர், அதாவது வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் கருவி, இருந்தது. நவம்பர் நடுவில் ஊர் முழுவதற்கும் பொதுவாக வரும் வெப்பத்தைத் திறந்துவிட்டார்கள், எங்கள் ரேடியேட்டர் மட்டும் ஜில்லென்று கிடந்தது. வெப்பம் தருகிறவர்களைக் கேட்டால், வெப்பக் கட்டணம் வீட்டின் பரப்பளவைக் கணக்கிட்டு முன்கூட்டியே கட்ட வேண்டியது, இந்த வீட்டு இணைப்பு நிறுத்திவைத்தது, மறுபடி திறக்க வீட்டுக்காரரே வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். தரகரைக் கேட்டால், "அவங்க வெளிநாட்டில் இருக்காங்க, ஏசியில் ஹீட்டர் போட்டுக்குங்க." இந்தக் கரையில் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து குளிர்காற்று வந்து அடிக்கும். ஜன்னல் இடுக்கெல்லாம் காற்று. எண்ணெய் ஹீட்டர், மின்சாரக் கம்பளம், அவற்றுக்கான கரண்ட் பில் என்று எல்லாம் கூட்டினால், வெய்ஹாய் நகரத்துக்குள்ளேயே ஒழுங்கான வீடு பிடித்திருக்கலாம்.

பிறகு குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. முடிவதற்கு 30 நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி கவுன்ட்டரில் இருந்த பெண் அதிகாரி பதிவுச் சீட்டைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவ்வளவு மாசமா விடுதியிலா இருக்கீங்க?" விடுதி அக்டோபரிலேயே சீசன் முடிந்து மூடியாயிற்று. அங்கிருந்து நேரே காவல் நிலையம், வாக்குமூலம், கைரேகை. மரியாதையாகத்தான் நடத்தினார்கள், எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் உண்மையான முகவரியில் பதியாமல் அனுமதி நகராது, பதிய வேண்டுமானால் வீட்டுக்காரர் வேண்டும். தரகரின் போன் அணைந்திருந்தது, வீசாட்டில் எங்களை பிளாக் செய்திருந்தார்.

வளாகப் பராமரிப்பு அலுவலகத்தில் நம்பர் வாங்கி வீட்டுக்கார அம்மாவைப் பிடித்தது ஒரு இளைய போலீஸ்காரர். வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகரில் இருக்கும் ஓய்வுபெற்ற பெண்மணி. ஸ்பீக்கரில் போட்டார். "என் வீட்டில் ஆளா? எந்த ஆளு? என் மெத்தையிலயா படுக்கிறாங்க?" என்று அவர் போட்ட சத்தம் நிலையம் முழுக்கக் கேட்டது. என் மனைவி தன் அரைகுறைச் சீனத்தில் "ஆன்ட்டி, மெத்தை சுத்தமா இருக்கு" என்றதும் கொஞ்சம் அடங்கினார். கடைசியில் அவரே பத்திர நகலையும் அடையாள அட்டையையும் அனுப்பினார். மே மாதம்வரை இருங்கள், மாதம் 400 கொடுத்தால் போதும் என்றார். தரகர் கேட்டது 600 என்பதை மறக்க வேண்டாம்.

பணத்துக்கு என்ன வழி என்றால், போலீஸ் எண் 110-இல் சொன்னோம், ஒப்பந்தத் தகராறு, கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். 12345 என்ற அரசாங்கப் புகார் எண்தான் வேலை செய்தது. புகார் எண் பதிவான கையோடு, அணைந்திருந்த போனிலிருந்தே தரகர் கூப்பிட்டு, புகாரை வாபஸ் வாங்கினால் 2,000 தருகிறேன் என்றார். வாபஸ் வாங்கவில்லை, 2,000 மட்டும் வந்தது, மீதி 5,000 வரவில்லை. கடைக்கு உரிமம் இருந்தால் நுகர்வோர் புகார் எண்ணான 12315-லும் புகார் கொடுக்கலாம். குடியிருப்பு, விசா சந்தேகங்களுக்கு 12367, எந்த நேரமும் ஆங்கிலத்தில் பேசலாம்.

வீடு பார்க்கப் போகிறவர்கள், பணம் கட்டுமுன் வளாகப் பராமரிப்பு அலுவலகத்துக்குப் போய், இந்தக் கதவு எண் யார் பெயரில் இருக்கிறது, இந்தக் குளிர்காலத்துக்கு வெப்பக் கட்டணம் கட்டியாகிவிட்டதா என்று கேளுங்கள். வீட்டுப் பத்திரத்தில் இருக்கும் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பணம் வேறொருவருக்குப் போனால் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த அத்தாட்சி வேண்டும். வீட்டுக்காரர் வெளியூர் என்றால் வீடியோ காலில் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். காவல் நிலையத்துக்கு நீங்களே நடந்து போங்கள். கூட வரத் தயங்குகிற தரகரிடம் ஒரு யுவான்கூட நீட்டாதீர்கள்.

ஏற்கெனவே குடியேறிவிட்டவர்கள் இன்றைக்கே பதிவுச் சீட்டை எடுத்து, முகவரியை வாசல் எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சீனம் தெரியாவிட்டால் பராமரிப்பு அலுவலகத்தில் காட்டினாலே சொல்வார்கள். பொருந்தவில்லை என்றால் அனுமதி புதுப்பிக்கும் நாள்வரை காத்திராமல் நிலையத்துக்குப் போய்விடுங்கள். "நீங்களா முதல்ல வந்து சொல்லியிருந்தா இவ்வளவு எழுத்து வேலை இருந்திருக்காது" என்று அந்த இளைய போலீஸ்காரர் என் வாக்குமூலத்தின் மூன்றாம் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டே சொன்னார்.