இரண்டு நாளில் மேனுவல் தெரபிஸ்ட்: குமரி மாவட்டப் பிசியோதெரபிஸ்டுகளுக்கு ஓர் எச்சரிக்கை

குமரி மாவட்டத்தில் சொந்தமாகக் கிளினிக் நடத்தும் பிசியோதெரபிஸ்டுகளுக்காகவும், பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் படிப்பு) முடித்து இன்டர்ன்ஷிப்பில் இருக்கும் தம்பி தங்கைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். நாகர்கோவிலில் ஒரு விடுதி அரங்கில் நடந்த மேனுவல் தெரபி, அதாவது கையால் மூட்டையும் தசையையும் அசைத்துச் செய்யும் கைச்சிகிச்சை, பயிற்சிக்கு 12,000 ரூபாய் கட்டிச் சேர்ந்து, சொன்னது ஒன்று நடந்தது வேறொன்று என்ற நிலையில் வெளியே வந்தவர்களில் நானும் ஒருவன். நடத்தியவர்களின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஊருக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு நடத்துகிறவர்களைப் பெயரை வைத்து அடையாளம் காண முடியாது. அவர்கள் நடத்தும் விதத்தை வைத்துத்தான் காண முடியும்.

இப்படிப்பட்ட பயிற்சிக்கு நம் ஊரில் கூட்டம் சேர்வதில் வியப்பில்லை. கல்லூரியில் கைச்சிகிச்சை நுட்பங்களை ஒருவர்மேல் ஒருவர் ஓரளவு செய்து பார்த்ததோடு சரி. அதற்குமேல் கற்க வேண்டுமென்றால் கிளினிக்கைப் பூட்டிவிட்டுத் திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். நம்மிடம் வருகிறவர்களோ குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள், முந்திரி ஆலையில் பொழுதெல்லாம் உட்கார்ந்து கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொண்ட பெண்கள், குளச்சலில் வலை இழுத்துத் தோள் தூக்க முடியாமல் போனவர்கள். மெஷினைப் போட்டு அனுப்பிவிட்டால் தீரும் நோவுகள் அல்ல இவை. போதாக்குறைக்கு, கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சத்தம் எழுப்பும் வீடியோக்களைச் செல்போனில் பார்த்துவிட்டு, "எனக்கும் அதுபோலச் சொடக்கு எடுத்து விடுங்க டாக்டர்" என்று கேட்பவர்களும் பெருகிவிட்டார்கள். விளம்பரம் இந்தத் தேவையை நன்றாகவே அறிந்து எழுதப்பட்டிருந்தது. மெயிட்லண்ட், கால்டென்போர்ன், முல்லிகன், மெக்கென்சி என்று உருவாக்கியவர்கள் பெயரால் வழங்கும் நான்கு சிகிச்சை முறைகளும், அவற்றோடு கழுத்து முதல் இடுப்பு வரை மானிபுலேஷனும் (மூட்டைச் சட்டென்று திருப்பி விடுவது) இரண்டே நாளில், எட்டுப் பேருக்கு ஒரு பயிற்றுநர், பன்னாட்டு அங்கீகாரம், தொடர்கல்விப் புள்ளிகள்.

அரங்குக்குள் அறுபது பேருக்கு மேல் இருந்தோம். பயிற்றுநர் ஒரே ஒருவர். உதவிப் பயிற்றுநர்கள் என்று அறிமுகப்படுத்தப்பட்ட இருவரும் படிவம் வாங்குவதிலும் புகைப்படம் எடுப்பதிலுமே இருந்தார்கள். சிகிச்சைக் கட்டில் இரண்டுதான். மற்றவர்களுக்கு விடுதியின் சாப்பாட்டு மேசைமேல் போர்வை விரித்துத் தந்தார்கள். இடுப்பு முள்ளெலும்பில் அழுத்தம் தரும்போது நம் உடல் எடை நேராகக் கை வழியே இறங்க வேண்டும். மேசை உயரமாக இருந்தால் தோளால் தள்ள வேண்டிவரும். கால் ஆடும் மேசையில் படுத்திருப்பவரோ தசையை இறுக்கிக்கொள்வார், கைக்கு மூட்டு எதுவும் தட்டுப்படாது. என் மேசையின் ஒரு காலுக்கு அடியில் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டுதான் காலை முழுவதும் பயிற்சி செய்தோம்.

கைச்சிகிச்சைப் பயிற்சியில் ஆள் எண்ணிக்கை ஒரு வசதிக் கணக்கு அல்ல. மூட்டு எந்த இடத்தில் தடுக்கத் தொடங்குகிறது, எந்த இடத்தில் முற்றிலும் நின்றுவிடுகிறது என்பதை, தெரிந்த ஒருவர் நம் கையின்மேல் தன் கையை வைத்துக் காட்டினால்தான் விரலுக்குப் புரியும். வர்ம ஆசான்களின் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை நான் விளக்கவே தேவையில்லை. பல வருடம் கூடவே நிற்க வைக்காமல் எந்த ஆசானும் சீடனை நோயாளியின் உடம்பில் கை வைக்க விட்டதில்லை. அந்த இரண்டு நாளில் பயிற்றுநரின் கை என் கைமேல் ஒருமுறைகூடப் படவில்லை. திரையில் காட்டியதைப் பார்த்து நாங்களாகச் செய்துகொண்டோம்.

திரையில் காட்டியதாவது சரியாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. மூட்டை அசைப்பதற்கு மெயிட்லண்ட் வகுத்த நான்கு நிலைகளில், மூன்றாவது நிலை என்பது தடை வரைக்கும் செல்லும் பெரிய அசைவு. நான்காவது அந்தத் தடையின் எல்லையிலேயே செய்யப்படும் சிறிய அசைவு. பயிற்றுநரோ, எண் கூடக்கூட அழுத்தத்தைக் கூட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லி, கால்டென்போர்னின் மூன்று நிலைகளையும் அதே வரிசையில் கலந்துவிட்டார். மெயிட்லண்டில் கை ஊசலாடுகிறது. கால்டென்போர்னில் இழுத்துப் பிடித்து நிறுத்துகிறது. இரண்டிலும் 'மூன்று' என்பது ஒன்றல்ல என்று முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து சொன்னபோது, "தியரிக்குள்ளே போக வேண்டாம் மேடம், கையைப் பாருங்க" என்று பதில் வந்தது.

முல்லிகன் பகுதி இதைவிட மோசம். தோள்மூட்டைப் பின்பக்கமாக நகர்த்திப் பிடித்துக்கொண்டு, நோயாளியையே கையைத் தூக்கச் சொல்லும் முறை அது. தூக்கும்போது வலி இருக்கக் கூடாது என்பதுதான் அதன் முதல் நிபந்தனை. வலித்தால் நகர்த்தும் திசையையோ அழுத்தத்தையோ மாற்ற வேண்டும், அப்படியும் வலித்தால் அந்த முறையையே விட்டுவிட வேண்டும். மேடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஒருவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்க, "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, நாளைக்குச் சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே பயிற்றுநர் இன்னும் அழுத்தினார். முல்லிகன் முறையைக் கற்றுத்தர அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியலை அதன் ஆசிரியர் சங்கமே பொதுவில் வெளியிட்டிருக்கிறது. இவர் பெயர் அதில் இல்லை.

இந்தப் பதிவை எழுதியே ஆக வேண்டும் என்று என்னைத் தூண்டியது இரண்டாம் நாளின் கழுத்து மானிபுலேஷன். ரத்த அழுத்தம் பார்க்கவில்லை. தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்குவதில் சிரமம் எதுவும் உண்டா என்று ஒரு கேள்விகூட இல்லை. கழுத்துத் தமனியின் உட்சுவரில் விழும் கிழிசல், தொடக்கத்தில் வெறும் கழுத்து வலியாகவும் தலைவலியாகவும் மட்டும் தெரியக்கூடும்; ஆகவே நம்மிடம் 'பிடிப்பு' என்று சொல்லி வருபவருக்கு அது ஏற்கெனவே இருக்கவும் கூடும். முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டழற்சி) உள்ளவர்களுக்குக் கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்திருக்கலாம். இவற்றையெல்லாம் எப்படி விசாரித்து, எப்படிச் சோதித்துத் தெளிய வேண்டும் என்பதற்கு ஐ.எஃப்.ஓ.எம்.பி.டி. என்ற, கைச்சிகிச்சை பிசியோதெரபிஸ்டுகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2020-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி இருக்கிறது. அதன் பெயர்கூட அரங்கில் உச்சரிக்கப்படவில்லை. வரிசையாக ஒருவர் கழுத்தை ஒருவர் திருப்பிக்கொண்டிருந்தபோது, தக்கலைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளம்பெண் குமட்டுகிறது, தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். அவரைப் பரிசோதிக்காமல், "சாப்பிடாம வந்திருப்பாங்க" என்று சொல்லி ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துவிட்டு அடுத்த நுட்பத்துக்குப் போய்விட்டார்கள். நாங்கள் சிலர்தான் அவரைப் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்து, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆட்டோவில் அனுப்பினோம். நல்லவேளையாக அவருக்கு ஒன்றுமில்லை.

மாலையில் சான்றிதழ் தந்தார்கள். யார் கையையும் சோதித்துப் பார்க்கவில்லை, தேர்வு என்று ஒன்றுமில்லை. 'முதல் நிலை' என்று மட்டும் அதில் அச்சிட்டிருந்தது. விளம்பரத்தில் சொன்ன 'மேனுவல் தெரபிஸ்ட்' பட்டம் மூன்றாம் நிலை முடித்தால்தானாம், ஒவ்வொரு நிலைக்கும் தனிக் கட்டணமாம். பன்னாட்டு அங்கீகாரம் என்று சொன்னீர்களே என்று கேட்டதற்கு, மூலையில் இருந்த ஒரு சின்னத்தைக் காட்டினார்கள். நான் மேலே சொன்ன கூட்டமைப்பு 1974 முதல் இயங்குவது. அது நாடுகளின் அமைப்புகளை உறுப்பினராக ஏற்பது, வார இறுதிப் பயிற்சிகளுக்கு முத்திரை குத்துவது அன்று. அதன் தரநிலைப்படி, வழிகாட்டி ஒருவரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி மட்டுமே குறைந்தது 150 மணி நேரம். தொடர்கல்விப் புள்ளிகளை எந்தக் கவுன்சில் தருகிறது என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, திருப்பித் தரப்படாது என்ற நிபந்தனையைப் படிவத்தின் பின்பக்கத்தில் காட்டினார்கள். கட்டணம் தனிநபர் கணக்குக்கு ஜி.பே.யில் போயிருந்தது, கைக்கு வந்த ரசீதில் முகவரியும் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை. இருந்தாலும் விளம்பரப் படம், வாட்ஸ்அப் உரையாடல், பணம் போன விவரம் மூன்றும் கையில் இருப்பதால் நாங்கள் சிலர் சேர்ந்து 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

எந்தப் பயிற்சியானாலும், பணம் கட்டுமுன் பயிற்றுநரின் முழுப் பெயரையும் அவர் எங்கே யாரிடம் அந்த முறையைக் கற்றார் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். மெக்கென்சி என்றால் அது ஏ முதல் டி வரை நான்கு பாகமாகத் தனித்தனியே நடப்பது, அதன் பிறகே தேர்வு. அரை நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம். கட்டில் எத்தனை, ஒரு கட்டிலுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குத்தான் அவர்கள் அதிகம் நெளிகிறார்கள். கழுத்து மானிபுலேஷன் இருந்தால், அதற்கு முந்தைய பரிசோதனைக்கு நிகழ்ச்சி நிரலில் எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இப்போது வேறொரு பெயரில், அதே பயிற்றுநரின் படத்தோடு, மார்த்தாண்டத்தில் அடுத்த பயிற்சிக்கு 3,000 ரூபாய் முன்பணம் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள், பயிற்சி நாளுக்கு முன்பே விலகுவதாக மின்னஞ்சலில் எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தொலைபேசியில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று அவர்கள் அழைத்தாலும், பதிலை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.