முதல் கைத்துப்பாக்கி: .22-வா 9 எம்எம்மா, ரிவால்வரா பிஸ்டலா?

"சின்னதா, லேசா ஒன்னு காட்டுங்க, இப்பதான் பழகப் போறேன்." துப்பாக்கிக் கடையில் புதியவர்கள் வழக்கமாகக் கேட்பது இதுதான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கைத்துப்பாக்கியில் கணக்கு தலைகீழ். சின்னதும் லேசானதும்தான் சுடுவதற்குக் கடினம். கையில் கனமாக உட்காருவதுதான் கற்றுக்கொள்ள எளிது.

இந்த அலசலில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: எதை வைத்துக்கொண்டால் ஒருவர் அதிகமாகச் சுட்டுப் பழகுவார், எதில் கெட்ட பழக்கம் குறைவாக ஒட்டும். தற்காப்பு, போட்டி, சேகரிப்பு எல்லாம் அதற்கு அப்புறம்தான். உரிமச் சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகளில் ராணுவம் பயன்படுத்தும் தோட்டா பொதுமக்களுக்குக் கிடையாது, சில நாடுகளில் குழல் நீளத்துக்கும் மேகசினில் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி) எத்தனை தோட்டா என்பதற்கும் வரம்பு உண்டு. உங்கள் உரிமத்தில் எது வரும் என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள். கீழே வரும் பெயர்களில் பாதி அங்கேயே கழிந்துவிடலாம்.

.22 எதிர் 9 எம்எம்

முதலில் தீர்க்க வேண்டிய போட்டி இதுதான். துப்பாக்கி எது என்பதைவிடத் தோட்டா எது என்பது பெரிய முடிவு. .22, 9 எம்எம் என்பவை குண்டின் குறுக்களவை வைத்து வந்த தோட்டாப் பெயர்கள், முதலாவது அங்குலத்தில், இரண்டாவது மில்லிமீட்டரில்.

.22 எல்ஆர் 1887-இல் வந்தது. 9 எம்எம் பாரபெல்லம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் லூகர் உருவாக்கியது. வழக்கமான .22 குண்டின் எடை 2.6 கிராம், 9 எம்எம் குண்டு பெரும்பாலும் ஏழரை முதல் எட்டு கிராம். குண்டு மூன்று மடங்கு, உள்ளே இருக்கும் மருந்தும் அதற்கேற்ப அதிகம். அந்த வித்தியாசம் முழுவதும் சுடுபவரின் மணிக்கட்டுக்கு வந்து சேரும்.

வலி இங்கே பிரச்சினை இல்லை. நடுத்தர எடையுள்ள துப்பாக்கியில் 9 எம்எம் அப்படியொன்றும் வலிக்காது. உதை, அதாவது சுட்டதும் துப்பாக்கி பின்னால் தள்ளுவது, வரப்போகிறது என்பதை உடம்பு கற்றுக்கொள்வதுதான் பிரச்சினை. ட்ரிகரை இழுக்கும் அந்தக் கணத்தில் கை தானாகவே முனையைக் கீழே அழுத்தும், கண் இமைக்கும், குண்டு குறிக்குக் கீழே போய் விழும். சுடுபவர் சைட்டை, அதாவது குறிபார்க்கும் முனையை, குறை சொல்லுவார். இதைக் கண்ணால் பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. மேகசினை நீங்கள் நிரப்பாமல், கூட வந்தவரிடமோ பயிற்சியாளரிடமோ கொடுங்கள். நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஒன்றிரண்டு டம்மியை (வெடிக்காத போலித் தோட்டா) கலந்து அவர் நிரப்பட்டும். எது எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியக்கூடாது. டம்மி வரும்போது 'டிக்' என்று மட்டும் கேட்கும், உதை இருக்காது. ஆனாலும் துப்பாக்கியின் மூக்கு சட்டென்று குனியும். ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடம்) ஃபிளின்ச் என்று சொல்வது இதைத்தான். ஒருமுறை ஒட்டிக்கொண்டால் கழற்றுவது பெரும்பாடு.

.22-இல் தொடங்குபவருக்கு இது ஒட்டுவதற்கான காரணமே குறைவு. கூடவே விலை. ஒரு 9 எம்எம் தோட்டாவுக்குக் கொடுக்கும் காசில் பொதுவாக இரண்டு மூன்று .22 வாங்கலாம். பழகும் காலத்தில் தோட்டாவின் எண்ணிக்கைதான் ஆசிரியர். ஒலிம்பிக்கில் 25 மீட்டர் பிஸ்டல் பிரிவுகளில் சுடப்படுவதும் இந்த .22 எல்ஆர்தான், ஆகவே இதைப் பிள்ளை விளையாட்டு என்று யாராவது சிரித்தால் கண்டுகொள்ள வேண்டாம்.

குறையும் இல்லாமல் இல்லை. இந்தத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிப்பாகத்தின் விளிம்புக்குள் பரவியிருக்கும். எங்காவது சரியாகப் பரவாமல் போனால் ஊசி அடித்தும் வெடிக்காது. அப்போது முனையை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிடம் பொறுத்திருந்துதான் எடுக்க வேண்டும், தாமதமாக வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. மெழுகும் ஈயமும் கரியும் சேர்ந்து துப்பாக்கி சீக்கிரம் அழுக்காகும். வீட்டில் வெற்று ட்ரிகர் பயிற்சி செய்தால் சில .22 துப்பாக்கிகளில் ஊசி, தோட்டா உட்காரும் அறையின் விளிம்பில் மோதிச் சேதமாகும், கையேட்டைப் பார்க்காமல் செய்யக்கூடாது. 9 எம்எம்மில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

என் தீர்ப்பு: கற்பதற்கு .22, சந்தேகமே இல்லை. உரிமத்தில் ஒரே ஒரு துப்பாக்கிக்குத்தான் இடம், அதையே எல்லா வேலைக்கும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் மட்டும் 9 எம்எம். .40, .45, .357 மேக்னம் எல்லாம் நல்ல தோட்டாக்கள்தான், முதல் வருடத்துக்கு வேண்டாம்.

ரிவால்வர் எதிர் பிஸ்டல்

"ரிவால்வர் எளிது, புதியவர்களுக்கு அதுதான்" என்பது பல தலைமுறையாகக் கைமாறி வரும் வாக்கு. ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் சிலிண்டரின் அறைகளில் இருக்கும், இங்கே பிஸ்டல் என்பது மேகசினிலிருந்து தோட்டா ஏறும் வகை. இதில் பாதி உண்மை.

உண்மையான பாதி: ரிவால்வரில் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். சிலிண்டரை வெளியே தள்ளினால் ஐந்தோ ஆறோ அறைகளும் கண் முன்னே. எல்லாம் காலி என்றால் காலி. ஒரு தோட்டா வெடிக்கவில்லையா, மறுபடி ட்ரிகரை இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும். (ரேஞ்சில் அப்படி உடனே இழுக்கக்கூடாது, மேலே சொன்ன அரை நிமிடம் இங்கும் பொருந்தும்.) பிஸ்டல் அப்படியில்லை. மேகசினைக் கழற்றியதும் துப்பாக்கி காலி என்று நினைப்பவர்களால் நடந்த விபத்துகள் கொஞ்சநஞ்சமல்ல. மேகசின் வெளியே வந்தாலும் அறைக்குள் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். முதலில் மேகசினை எடுக்க வேண்டும், அதற்கப்புறம் ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) முழுதாக இழுத்து அறையைக் காலி செய்து, ஸ்லைடைப் பூட்டி, கண்ணால் பார்த்து, விரல் விட்டும் பார்க்க வேண்டும். வரிசை மாறி ஸ்லைடை முதலில் இழுத்தால், வெளியே போன தோட்டாவுக்குப் பதில் மேகசினிலிருந்து புதிதாக ஒன்று அறைக்குள் ஏறிவிடும்.

பொய்யான பாதி: 'எளிது' என்பது துப்பாக்கியின் இயக்கத்துக்குப் பொருந்தும், சுடுவதற்குப் பொருந்தாது. டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரில் ட்ரிகரை இழுக்கும் ஒரே இழுப்பில் சிலிண்டர் சுழல வேண்டும், சுத்தியல் பின்னால் போக வேண்டும், அப்புறம் விழவும் வேண்டும். அதனால் இழுப்பு நீளம், எடையும் நான்கரை ஐந்து கிலோ வரை போகும். ஒரு கிலோ எடைகூட இல்லாத பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு ஐந்து கிலோ விசையில் ஒரு விரலை மடக்குவது புதியவருக்கு எப்படி எளிதாகும்? க்ளாக் வகைப் பிஸ்டல்களில் இது இரண்டரை கிலோ அளவில்தான் இருக்கும். ரிவால்வரில் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னே இழுத்து வைத்துச் சுட்டால் ட்ரிகர் மிக லேசாகிவிடும், ஆனால் அதிலேயே பழகியவர்கள் டபுள் ஆக்‌ஷனைக் கடைசிவரை கற்பதில்லை.

பிஸ்டலுக்கு எதிராக எப்போதும் வரும் புகார் ஸ்லைடு: "இழுக்கவே முடியலை." கை பலம் குறைந்தவர்களுக்கும் மூட்டுவலிக்காரர்களுக்கும் இது உண்மையான தடை. ஆனால் பல பேர் இழுக்கும் விதம்தான் தப்பு. ஸ்லைடின் பின்பக்கத்தை இரண்டு விரல் நுனியால் கிள்ளி இழுப்பார்கள். துப்பாக்கியை உடம்புக்குப் பக்கத்தில் கொண்டு வந்து, முனையை இலக்குப் பக்கமே வைத்து, மற்ற உள்ளங்கை முழுவதையும் ஸ்லைடின் மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, பிடியிலுள்ள கையை முன்னால் குத்துவது போலத் தள்ளிப் பாருங்கள். முடியாது என்றவர்களில் நிறையப் பேருக்கு முடிந்துவிடும்.

காயமும் இரண்டிலும் உண்டு, இடம்தான் வேறு. ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவேயுள்ள இடுக்கு வழியாகச் சூடான வாயு பீறிடும், கட்டைவிரலை அங்கே நீட்டக்கூடாது. பிஸ்டலில் கட்டைவிரலை ஸ்லைடுக்குப் பின்னால் குறுக்கே போட்டால் அது பின்னால் வந்து தோலைக் கிழிக்கும். இடக்கைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ரிவால்வர் சிலிண்டர் பெரும்பாலும் இடப்பக்கம் திறக்கும், உங்களுக்கு அது தோதுப்படாது. இக்காலப் பிஸ்டல்கள் பலவற்றில் மேகசின் பொத்தானைப் பக்கம் மாற்றிக்கொள்ளலாம்.

ஆக, ஸ்லைடை எப்படியும் இழுக்க முடியாதவர்களுக்கு ரிவால்வர். மற்றவர்களுக்குப் பிஸ்டல்.

பெரிதா, சிறிதா

இதில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. எடை கூடினால் உதை குறையும், முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடைவெளி கூடினால் குறியில் நேரும் பிசகு கண்ணுக்குத் தெரியும், பிடி நீளமாக இருந்தால் சுண்டுவிரலுக்கும் இடம் கிடைக்கும். குட்டித் துப்பாக்கியில் இந்த மூன்றும் போய்விடும். பெண்களுக்கு என்று சொல்லிக் கைப்பைக்குள் அடங்கும் குட்டி ரிவால்வரைக் கடைக்காரர் எடுத்து நீட்டினால், அதை முதலில் அவரையே ஐம்பது தோட்டா சுட்டுக்காட்டச் சொல்லலாம்.

பெயர் சொல்லிப் பார்த்தால்

.22 பிஸ்டலில் ரூகர் மார்க் 4-க்கும் ப்ரௌனிங் பக் மார்க்குக்கும்தான் நேரடிப் போட்டி. பக் மார்க் 1985-இல் வந்தது, ட்ரிகர் பலருக்கும் பிடிக்கும், ஆனால் பிரித்துத் துடைக்கச் சின்னத் திருகுகளைக் கழற்ற வேண்டும். ரூகரின் பழைய மாடல்களும் பிரித்துச் சேர்ப்பதில் பேர்போன தலைவலிகள். 2016-இல் வந்த மார்க் 4-இல் பின்னால் ஒரு பொத்தானை அமுக்கினால் மேல்பாதி தனியாக வந்துவிடும். சீக்கிரம் அழுக்காகும் தோட்டாவுக்கு இந்த ஒரு பொத்தானே போதுமான காரணம், என் ஓட்டு ரூகருக்கு. ஒரு எச்சரிக்கை: 2017 ஜூனுக்கு முன் செய்த மார்க் 4-களில், சேஃப்டி (சுடாமல் தடுக்கும் பூட்டு) பாதியில் நிற்கும்போது ட்ரிகரை இழுத்தால் பின்னர் தானாகச் சுட வாய்ப்பிருந்ததால் நிறுவனமே அவற்றைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. பழையதை வாங்குபவர்கள் அந்தத் திருத்தம் நடந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

க்ளாக் 44 இன்னொரு வழி. 2020-இல் வந்தது, .22, ஆனால் உருவம் அப்படியே க்ளாக் 19. பின்னால் 9 எம்எம் வாங்குவது உறுதி என்பவர்களுக்குப் பிடியும் ட்ரிகரும் கைக்குப் பழகியிருக்கும். ஆனால் ஆள் ரொம்ப லேசு, எஃகு ரூகர் போலக் கையில் நின்று நிதானிக்காது.

9 எம்எம்மில் க்ளாக் 19-ஐயும் சிஇசட் 75-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். 1988-இல் வந்த க்ளாக், பாலிமர் சட்டம், 15 தோட்டா, எல்லா இழுப்பும் ஒரே மாதிரி. வெளியே தனிச் சேஃப்டி இல்லை, எல்லாப் பொறுப்பும் உங்கள் விரலுக்கு. அதோடு பிரிப்பதற்கு முன் ட்ரிகரை ஒருமுறை இழுத்தாக வேண்டும், அறையைப் பார்க்க மறந்தவர் அங்கே மாட்டிக்கொள்வார். சிஇசட் முழுக்க எஃகு, ஏறத்தாழ ஒரு கிலோ, சுடும்போது அருமையாக அமரும். ஆனால் முதல் இழுப்பு கனம், அடுத்தவை லேசு, புதியவருக்கு முதல் குண்டு ஒரு பக்கமும் இரண்டாவது இன்னொரு பக்கமும் போகும். கற்க க்ளாக், ரசிக்க சிஇசட். ஸ்லைடு மட்டும்தான் தடை என்பவர்கள் ரிவால்வருக்குப் போகும் முன் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு இஇசட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கட்டும், அவர்களை நினைத்தே செய்தது.

ரிவால்வர் என்று முடிவானால் அதே நிறுவனத்தின் 686 போன்ற நாலு அங்குலக் குழலுள்ள எஃகு மாடல். எடை ஒரு கிலோவைத் தாண்டும். .357 மேக்னத்துக்கான துப்பாக்கியில் .38 ஸ்பெஷலையும் சுடலாம், .38-இன் உலோகக் கூடு மூன்று மில்லிமீட்டர் போலக் குட்டை, அவ்வளவுதான். பழகும்வரை மென்மையான .38 போதும். எப்போதாவது .357-க்கு மாறும் முன் அறைகளைத் தேய்த்துத் துடைக்க வேண்டும், குட்டைத் தோட்டா விட்டுப்போன கரி வளையத்தில் நீளமானது சிக்கும். இதற்கு நேர் எதிர்முனையில் ரூகர் எல்சிஆர்: .38, ஐந்து தோட்டா, எடை 400 கிராமுக்கும் கீழே. சட்டைப்பைக்குச் சுகம், கைக்கு நரகம்.

கடைக்குப் போகும் முன்

முடிந்தால் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சுட்டுப் பாருங்கள், .22-இல் தொடங்கி மேலே போங்கள். களைத்துப்போன கையோடு எதையும் தீர்மானிக்க வேண்டாம். பிடியில் கை வைத்ததும் ஆட்காட்டி விரலின் நுனிப் பகுதி சிரமமில்லாமல் ட்ரிகரை எட்ட வேண்டும். எட்டுவதற்காகப் பிடியைத் திருக வேண்டியிருந்தால் அது எவ்வளவு நல்ல துப்பாக்கியாக இருந்தாலும் உங்களுக்கானது இல்லை.

கையிலுள்ள பணம் முழுவதையும் துப்பாக்கியிலேயே போட்டுவிடாதீர்கள். .22-கூடக் காதைக் கெடுக்கும் 140 டெசிபலைத் தாண்டும், அதனால் காதுக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். பயிற்சியாளருக்குக் கட்டணம், பூட்டுள்ள இரும்புப் பெட்டி, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு இவை பாக்கி இருக்கின்றன. வீட்டில் குழந்தைகளோ மனச்சோர்வில் இருப்பவரோ இருந்தால் பூட்டும் போதாது, துப்பாக்கி ரேஞ்சின் காப்பறையிலேயே இருக்கட்டும், அந்த வசதி இருக்கும் ரேஞ்சைத் தேடிச் சேருங்கள். வாடகைத் துப்பாக்கியிலேயே சில மாதம் ஓட்டிவிட்டு அப்புறம் வாங்கினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.