புது வீட்டுக்கு வாங்கிய ஊறிய சுண்ணாம்பு: பதினொரு மாதத்துக்குப் பிறகு

வாளியின் மூடியைத் திறந்ததும் மேலே இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தெளிந்த நீர் நின்றது. அதற்கு அடியில் வெண்ணெய் போன்ற வழுவழுப்பான வெள்ளை விழுது. மேஸ்திரி கரணையால் ஒரு வாய் அள்ளி அப்படியே கவிழ்த்துப் பிடித்தார். விழவில்லை. "நன்றாக ஊறியிருக்கிறது, டீச்சர்" என்றார். அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சுண்ணாம்பைப் பார்த்து அவர் முகம் மலர்ந்ததை அன்றுதான் முதலில் கண்டேன்.

இருபது கிலோ வாளிகள் அறுபது வாங்கினேன். ஆறு மாதத்துக்கு மேல் தண்ணீரில் ஊறவைத்த நீற்றிய சுண்ணாம்பு. வெளிச்சுவர்ப் பூச்சு முழுவதும், உள்ளே குளியலறை தவிர மற்ற அறைகளின் கடைசிப் பூச்சும் இதில்தான் முடிந்தன. பூசி முடித்துப் பதினொரு மாதம் ஆகிறது. ஒரு மழைக்காலம் முழுவதையும் சுவர் பார்த்துவிட்டது. இனி இதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றுகிறது.

எங்கள் மனை பழைய ஊரின் பழைய தெருவில் இருக்கிறது. இடிந்துபோன ஒரு வீட்டின் இடம் அது. இரு பக்கமும் நூறு வயதைக் கடந்த வீடுகள். அவற்றின் பக்கச்சுவர்கள்தான் எங்கள் மனையின் எல்லை. இடது பக்கத்துச் சுவரில் யாரோ எப்போதோ சிமெண்டால் ஒட்டுப் போட்டிருந்தார்கள். விரலால் தட்டினால் உள்ளே வெறுமை கேட்டது. வீட்டுக்காரரின் சம்மதத்தோடு மேஸ்திரி அந்த ஒட்டைப் பெயர்த்தபோது, சிமெண்டு பலகைபோல் முழுதாக வந்தது. பின்னால் இருந்த செங்கல் செம்பொடியாகக் கொட்டியது. காரணம் எளிது. பழைய செங்கல் மென்மையானது, ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் அந்த ஈரம் அதன் வழியே வெளியேறி உலர்ந்துவிடும். அடர்த்தியான சிமெண்டு அதை உள்ளேயே அடைத்துவைக்கிறது. ஈரத்தோடு வந்த உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லைத் தின்றுவிடுகிறது. அந்தச் செம்பொடியைக் கையில் ஏந்திய அன்றே, அண்டை வீட்டுச் சுவரைத் தொடும் எந்த இடத்திலும் சிமெண்டுப் பூச்சு வேண்டாம் என்று முடிவு செய்தேன். நம் வீடு புதிது என்பதற்காகப் பக்கத்து வீடு நோய்ப்படக் கூடாது.

அடித்தளமும் மேல்தளமும் கான்கிரீட்தான். தரையோடு ஒட்டிய ஈரப் பகுதிக்கு மட்டும் நீரிலேயே இறுகும் சுண்ணாம்பை மூட்டையாக வாங்கினோம். களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் அந்தக் குணம் வரும். இங்கிலாந்தின் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டுவதற்காகச் சோதனைகள் செய்த பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் 1756-இல் கண்டறிந்த செய்தி இது. மற்ற எல்லாவற்றுக்கும் ஊறிய சுண்ணாம்பு.

நான் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேதியியல் கற்பிக்கிறேன். தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழல் வழியே ஊதச் சொல்லி, அது பால்போல் வெளுப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டாத ஆண்டு இல்லை. அதே வினைதான் சுவரிலும் நடக்கிறது. 100 கிராம் சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு போய், 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் சேர்த்தால் கொதித்து நீறும். சுவரில் பூசியபின் காற்றிலிருந்து அந்தக் கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கி மறுபடியும் கல்லாகிறது. இதனால் சுற்றுச்சூழலுக்குக் கேடே இல்லை என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். சூளையில் எரித்த எரிபொருளின் புகையைச் சுவர் திரும்ப வாங்குவதில்லை.

கலவை, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள விரும்பினால், ஓர் அளவு உருளையில் 300 மில்லி உலர்ந்த மணலை இட்டு, மணலின் மேல்மட்டம் வரை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கிட்டத்தட்ட 100 மில்லி உள்ளே போகும். மணலுக்கு இடையிலுள்ள அந்த வெற்றிடத்தைத்தான் சுண்ணாம்பு நிரப்புகிறது. எங்கள் மேஸ்திரிக்கு இது கைப்பழக்கமாகவே தெரிந்திருந்தது. முதல் லோடு மணலை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, மண் ஒட்டுகிறது என்று திருப்பி அனுப்பினார்.

பொருளில் குறை இல்லாவிட்டாலும் முதல் சுவர் கெட்டது. தவறு எங்களுடையது. மேஸ்திரி ஊருக்குப் போயிருந்த வாரம், வேலை நிற்கக் கூடாது என்று நான் அவசரப்படுத்தினேன். இளைய கொத்தனார்கள் சிமெண்டு பூசும் பழக்கத்தில் இருபது மில்லிமீட்டர் கனத்தை ஒரே பூச்சில் ஏற்றிவிட்டார்கள். மேற்கு வெயில் நேராக அடிக்கும் சுவர் அது. மூன்றாம் நாள் காலையில் வறண்ட ஏரியின் தரைபோல் வெடித்திருந்தது. மேஸ்திரி திரும்பி வந்து யாரையும் திட்டவில்லை. முழுவதையும் கொத்தி எடுக்கச் சொன்னார். பிறகு என்னிடம், "டீச்சர், இது காய்ந்து இறுகும் பொருள் இல்லை. ஈரம் இருக்கும்வரைதான் காற்றை வாங்கும். சுவர் கேட்கும்போதெல்லாம் தண்ணீர் கொடுக்க வேண்டும்" என்றார். நான் வகுப்பில் சமன்பாடாக எழுதுவதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

அதன்பின் முதல் பூச்சு பன்னிரண்டு மில்லிமீட்டர், இரண்டாவது எட்டு, கடைசியாக மூன்று. ஒவ்வொன்றுக்கும் இடையே குறைந்தது பத்து நாள். சாரத்தில் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டு, நாளொன்றுக்கு மூன்று முறை நீரைத் தூவலாகத் தெளித்தோம். பூசிய மறுநாள் மரப்பலகையால் சுவரை அழுத்தித் தேய்ப்பதை யாரும் தவிர்க்க விடாதீர்கள். மயிரிழை விரிசல்கள் அப்போதுதான் மூடிக்கொள்கின்றன.

இரண்டு மாதம் கழித்து, மின்பெட்டிக்காகச் சுவரில் ஒரு துளை போட வேண்டியிருந்தது. பெயர்ந்த பூச்சுத் துண்டு ஒன்றை எடுத்துவந்து, உடைந்த முகத்தில், காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் பினாப்தலீன் கரைசலை இரண்டு சொட்டு விட்டேன். கண் எதிரே நடுப்பகுதி முழுவதும் அடர்ந்த இளஞ்சிவப்பாக மாறியது. வெளி ஓரத்தில் மட்டும், நகத்தின் கனத்துக்கு, நிறமில்லாத வெள்ளைக் கோடு. கல்லாகிவிட்ட பகுதி அவ்வளவுதான். மற்றதெல்லாம் இன்னும் காரமாகவே இருக்கிறது. சுண்ணாம்பு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு. அந்தத் துண்டை மேஸ்திரியிடம் காட்டினேன். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நானும் கேட்கவில்லை.

பழைய தெருவில் கட்டுவதால் அனுமதிக்கு நான்கு மாதம் ஆயிற்று. கூரை விளிம்பு அண்டை வீடுகளின் வரிசையைத் தாண்டக் கூடாது, வெளிப்பூச்சுக்கு ஒரு மீட்டர் சதுரத்தில் மாதிரி பூசிக் காட்ட வேண்டும் என்றார்கள். இரண்டையும் மனமார ஏற்றுக்கொண்டேன். மாதிரி பூசியதால்தான் மணலின் நிறம் தெருவின் நிறத்தோடு சேரவில்லை என்பது முன்கூட்டியே தெரிந்தது, மணலை மாற்றினோம். பின்பக்கத்துப் பெரிய சன்னலுக்கு வந்த மறுப்பைத்தான் ஏற்க முடியவில்லை. வரலாற்று ஊர்களைக் காப்பது பற்றிய 1987-ஆம் ஆண்டின் வாஷிங்டன் சாசனமே, சூழலோடு இசையும் தற்காலக் கூறுகளைத் தடுக்க வேண்டாம் என்கிறது. அந்தப் பகுதியை எடுத்துக்காட்டி மனு எழுதினேன். சன்னல் கிடைத்தது.

விற்றவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுபதில் மூன்று வாளிகள் மூடி விரிசல் விட்டு, மேலே ஓடு கட்டியிருந்தன. படம் அனுப்பிய நான்காம் நாள் மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் எச்சரிக்கையை எறும்பளவு எழுத்தில் அச்சிட்டிருப்பதை மன்னிக்க முடியாது. இது தோலை அரிக்கும் கடும் காரம். கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வைக்கே ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் வாளி அருகே விடாதீர்கள். நான் வாளிகள் மேல் சிவப்பு மையால் பெரிதாக எழுதி ஒட்டினேன். அதை அவர்கள் செய்திருக்க வேண்டும்.

குடிபோகும் நாளைக் குறித்துவிட்டு வேலையைத் தொடங்குபவர்கள் இதை வாங்க வேண்டாம். சிமெண்டுப் பூச்சு எடுக்கும் நாளைப்போல் மூன்று மடங்கு எடுத்தது. கூலியும் அதற்கேற்ப ஏறியது. சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் கிடைக்காவிட்டாலும் வேண்டாம். குளியலறைக்கும் வேண்டாம். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் வாங்கவே வேண்டாம். அது சிமெண்டைப்போலவே ஈரத்தின் வழியை அடைத்துவிடும். எங்கள் பெயிண்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் அதே சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து ஐந்து முறை வெள்ளையடிக்கச் சொன்னேன். ஈரத்தில் சாம்பல் நிறமாகத் தெரிந்து, உலர உலர வெளுக்கிறது. காலை வெயிலில் அந்தச் சுவர் கண்ணைக் கூசவைக்காமல் ஒளிர்கிறது. பெயிண்டில் அந்த ஒளியை நான் பார்த்ததில்லை.

மழைக்காலம் முடிந்து சுவரைச் சுற்றி வந்தேன். எங்கும் பூஞ்சை இல்லை. சன்னல் மூலையில் முன்பே குறித்துவைத்திருந்த மயிரிழை விரிசலைத் தேடினேன். அதன் நீளம் முழுக்க மெல்லிய வெள்ளை இழை படிந்து மூடியிருந்தது. மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவந்து விரிசலிலேயே படியவைத்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் இப்போது தம் சுவரின் மிச்ச ஒட்டுகளையும் பெயர்க்கச் சொல்லி மேஸ்திரியிடம் பேசியிருக்கிறார்.

நான்கு வாளிகள் மீந்தன. மூன்று ஆண்டு ஊறாத சுண்ணாம்பைக் கட்டடத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பழைய ரோமானியக் கட்டட விதி இருந்ததாக அக்கால எழுத்தாளர் பிளினி குறித்திருக்கிறார். வாளிகளைப் பின்கட்டில் நிழலில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் மூடியைத் திறந்து, விழுதுக்கு மேல் இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்து, குறைந்தால் ஊற்றிவைக்கிறேன். இரண்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.